பூஷைபின் நோட்டில் மூன்று வரிகள்

திங்கள், மாலை 5.34.

வானியல் மன்றத்தின் செயலாளர் நுஸ்ஹா, தலைவன் இத்ரீஸைக் கைபேசியில் கூப்பிட்டு, தொலைநோக்கிக் கண்ணாடியைக் காணோம் என்றாள். பெருநாள் விடுமுறை முடிந்து வந்த முதல் நாளே விளையாட்டா என்று அவன் சிரித்தான். வந்து பார் என்று சொல்லி அவள் இணைப்பைத் துண்டித்தாள். மன்ற அறைக்கு ஓடி வந்தான்.

முக்காலியின் மேல் கறுப்புத் துணி ஒழுங்காகத்தான் மூடியிருந்தது. துணிக்கு அடியில் இருந்ததோ மன்றத்தின் தேநீர்த் தட்டு. அதே வட்டம், ஏறக்குறைய அதே அகலம். யாரோ நிதானமாக யோசித்துச் செய்த வேலை.

மெக்னெஸ் நகரத்தின் அந்தப் பல்கலைக்கழகத்தில் பதினொரு மாணவர் மன்றங்கள் உண்டு. நாடக மன்றத்துக்கு மேடை இருந்தது, மலையேறும் மன்றத்துக்குப் பேருந்து இருந்தது. வானியல் மன்றத்துக்கு ஒரு தகரப் பீப்பாய்தான். அந்தப் பீப்பாயின் மேல் தடித்த கண்ணாடி வட்டத்தை வைத்து, அதன்மேல் இன்னொன்றை வைத்து, இடையே மணல்மாவும் தண்ணீரும் ஊற்றி, செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி நடந்து பதினான்கு மாதம் தேய்த்தார்கள். முறை வைத்துத் தேய்த்த பத்தொன்பது பேருடைய உள்ளங்கையும் காய்த்துப் போனது. காசு கொடுத்தால் கடையிலேயே வாங்கலாமே என்று மற்ற மன்றத்தார் கேலி செய்தபோதெல்லாம் நுஸ்ஹாவுக்குத் தலை இன்னும் நிமிர்ந்ததே தவிர குனியவில்லை. அந்தக் கண்ணாடியைத்தான் தொலைநோக்கியில் பொருத்தி, செவ்வாய்க்கிழமை மாலை மன்றங்களின் விழாவில் நிறுத்துவதாக இருந்தது.

ஜன்னலில் கம்பி. பூட்டில் கீறலில்லை. சாவி ஒன்றே ஒன்று. அது வாயில் காவலாளி பூஷைபின் அறையில் ஆணியில் தொங்கும்; மரியாதையாக எல்லோரும் அவரை ஸி பூஷைப் என்பார்கள். யார் எடுத்தாலும் அவர்தான் நோட்டில் பெயரும் நேரமும் எழுதுவார். வேறு யாரையும் பேனாவைத் தொட விடமாட்டார்.

மாலை 6.15.

இத்ரீஸ் நோட்டை வாங்கி வந்து மேசைமேல் விரித்தான். திங்களன்று மன்ற அறைக்கு மூன்று வரிகள் மட்டுமே இருந்தன.

மர்வான். எடுத்தது 1.10, கொடுத்தது 1.30.
ரஜா. எடுத்தது 3.05, கொடுத்தது 3.20.
நுஸ்ஹா. எடுத்தது 4.30.

"ரெண்டு மணிக்கு கண்ணாடி இருந்துச்சு" என்றான் இத்ரீஸ். அது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். வகுப்புக்குப் போகும் வழியில் ஜன்னல் வழியாக அவனே படமெடுத்து, மன்றத்தின் கைபேசிக் குழுவில் 2.02க்குப் போட்டிருந்தான். படத்தில் கண்ணாடி பளபளவென்று இருந்தது. அப்படியானால் மர்வான் போன பிறகும் அது இருந்திருக்கிறது. நுஸ்ஹா வந்தபோது இல்லை. நடுவில் போனவள் ரஜா.

மர்வான் மன்றத்தின் துணைத்தலைவன். கடைசி மெருகேற்றலை விடுமுறைக்கு முன் தனியாகச் செய்து முடித்தவன். கேட்டதற்குத் தயங்காமல் பதில் சொன்னான்.

"நோட்டுல இருக்கற மாதிரிதான். ஒண்ணு பத்துக்குப் போனேன், ஒண்ணரைக்கு சாவியக் குடுத்துட்டேன். அப்ப கண்ணாடி இருந்துச்சு."

ரஜா முதலாமாண்டு மாணவி. பாலைவனத்து ஓரத்து ஊரான ஸகூராவிலிருந்து வந்தவள். மன்றத்தில் அதிகம் பேசமாட்டாள், ஆனால் தேய்ப்பதில் ஒரு முறைகூடத் தவறியதில்லை.

"நான் போனது நாலு அஞ்சுக்கு" என்றாள். "நாலு மணிக்குத்தான் வகுப்பே முடிஞ்சுது. சுவரொட்டிச் சுருளை எடுத்துட்டு வந்துட்டேன். துணி மூடியிருந்துச்சு, நான் தொடல."

"நோட்டுல மூணு அஞ்சுன்னு இருக்கு."

"அது எப்படின்னு எனக்குத் தெரியாது."

"அப்ப ஸி பூஷைப் பொய் எழுதிட்டாரா?"

அவள் சொன்ன வகுப்பில் முன்னூறு பேர் உட்காருவார்கள், வருகைப் பதிவு கிடையாது. அவள் கொண்டுபோன பையும் பெரியது. ரமலான் மாதம் முழுக்க அந்த நோட்டில் ஒரு நிமிடம்கூடப் பிசகியதில்லை என்பது மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும். நேற்று வந்த பெண்ணின் பேச்சா, இருபது வருடக் காவலாளியின் எழுத்தா என்று வந்தபோது இத்ரீஸுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு அவள் பெயரைப் புலத் தலைவரின் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டான். கொடுத்தால் விசாரணை, விடுதி இடமும் பறிபோகும், அதற்குமேல் அவள் ஸகூராவுக்குப் பேருந்து ஏறவேண்டியதுதான்.

ரஜா அழவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது நுஸ்ஹாவுக்கு உறுத்தியது. முறை தவறாமல் சுற்றி நடந்து தேய்த்தவள், தேய்த்ததையே தூக்கிக்கொண்டு போவாளா?

செவ்வாய், காலை 9.05.

நுஸ்ஹா நோட்டைத் திருப்பிக் கொடுக்கக் காவலறைக்கு வந்தாள். இரவெல்லாம் புரண்டு படுத்ததில் கண் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, ரமலானுக்காக ஒரு மணி பின்னால் வைத்திருந்த நாட்டின் கடிகாரம், மாதம் முடிந்ததென்று, வழக்கம்போல மறுபடி ஒரு மணி முன்னால் தாவியதிலிருந்து பல்கலைக்கழகமே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. ஸி பூஷைப் மட்டும் புதினாத் தேநீர் ஊற்றியபடி தெளிவாக இருந்தார்.

"என்ன மகளே, எட்டுதான் ஆவுது, அதுக்குள்ள வந்துட்ட?"

அவள் சும்மா தலையாட்டிவிட்டுத் தேநீரை வாங்கிக்கொண்டாள். இரண்டு வாய் குடித்தாள். எட்டா? கோப்பையைக் கீழே வைத்தாள்.

நோட்டைப் பிரித்தாள். நேற்று ஐம்பது தடவை மர்வானின் வரியைப் படித்தாள், ரஜாவின் வரியைப் படித்தாள். தன் வரியை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. தான் எப்போது வந்தோமென்று தனக்கே தெரியுமே, அதை எதற்குப் படிப்பது?

நுஸ்ஹா. எடுத்தது 4.30.

கைபேசியைத் திறந்தாள். இத்ரீஸைக் கூப்பிட்ட நேரம் 5.34 என்று காட்டியது. சாவியை வாங்கிய கையோடு அறையைத் திறந்து, துணியை விலக்கி, உடனே கூப்பிட்டவள் அவள். நடுவில் ஒரு மணி நேரம் எங்கே போனது?

"ஸி பூஷைப், உங்க கடிகாரத்தக் காட்டுங்க."

அவர் மணிக்கட்டை நீட்டினார். எட்டு மணி ஒன்பது நிமிடம்.

"நான் இதத் தொடறதே இல்ல" என்றார் பெருமையாக. "அரசாங்கம் முன்ன ஓடட்டும், பின்ன ஓடட்டும். ரமலான் வந்தா அவங்கதான் இறங்கி என் நேரத்துக்கு வராங்க. முடிஞ்சா திரும்பியும் ஓடிடறாங்க. நான் எங்கயும் போவல."

நுஸ்ஹா குனிந்து அவர் தலையில் முத்தமிட்டுவிட்டு, நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நோட்டைக் கொடுத்துட்டுப் போ என்று அவர் பின்னாலிருந்து கத்தியது காதில் விழவே இல்லை.

காலை 9.40.

மன்ற அறையில் நால்வரும் இருந்தார்கள். இத்ரீஸின் கையில் எழுதி முடித்த கடிதம். மர்வான் ஜன்னலோரமாக நின்றான். ரஜா கதவோரமாக.

"நோட்டு பொய் சொல்லல" என்று நுஸ்ஹா ஆரம்பித்தாள். "ஆனா ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கு."

காவலாளியின் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னாள். ரமலான் மாதம் முழுக்க அவர் நேரமும் நாட்டு நேரமும் ஒன்றாக இருந்ததால் நோட்டை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பப் பழகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கைபேசிகள் தாமாக மாறிக்கொண்டன. அவர் கடிகாரம் மாறவில்லை. தன் வரியையும் கைபேசியில் இருந்த 5.34ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இத்ரீஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். கடிதத்தை மெதுவாக மடித்தான்.

"அப்ப ரஜா வந்தது நாலு அஞ்சுக்குத்தான். அவ சொன்ன மாதிரியே. மர்வான் வந்தது ரெண்டு பத்துக்கு. இத்ரீஸ் படம் எடுத்ததுக்கு அப்புறம்."

"ரெண்டு பேரும் படத்துக்கு அப்புறம்தானே வந்திருக்காங்க" என்றான் இத்ரீஸ். "யாருன்னு எப்படிச் சொல்லுவ?"

"நீயும் நானும் அவங்களும் கைபேசியத்தான் பார்க்கறோம். உண்மையச் சொல்றவங்க சொல்ற நேரம் நோட்டோட ஒத்தே போகாது. ரஜா சொன்னது ஒத்துப் போகல, அதனால அவளப் பொய்க்காரின்னோம். ஒத்துப் போனது ஒருத்தனுக்குத்தான்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு பத்துக்கு நீ இங்க வரவே இல்ல மர்வான். நோட்டுல தப்பா இருந்த நேரம் உனக்கு வசதியா இருந்துச்சு. அதை அப்படியே எடுத்துக்கிட்ட."

மர்வான் மறுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். கண்ணாடி விடுதியில், அவன் குளிர்கால ஜல்லாபா அங்கிக்குள் சுற்றிப் பத்திரமாக இருப்பதாகச் சொன்னான்.

திங்கள் இரண்டு பத்துக்கு அவன் வந்தது கடைசியாக ஒருமுறை சோதித்துப் பார்க்கத்தான். விளக்கொளியில் பார்த்தபோது ஓரம் முழுக்கச் சரிந்திருந்தது தெரிந்தது. தனியாகச் செய்து பெயர் வாங்க வேண்டுமென்ற அவசரத்தில் அவன் கைபோட்ட மெருகு அது. விழாவில் இயற்பியல் ஆசிரியர்கள் பார்த்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பத்தொன்பது பேர் உழைப்பைக் கெடுத்தவன் என்ற பெயரைவிடத் திருட்டுப் போனது என்பது மேலாகப் பட்டது.

"வெளியாள் யாரோ எடுத்துட்டான்னு விட்டுடுவீங்கன்னு நினைச்சேன்" என்றான். "இவ மாட்டுவான்னு நினைக்கல."

"மாட்டினப்ப வாயத் திறந்தியா?" என்றாள் நுஸ்ஹா.

இத்ரீஸ் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ரஜாவின் முன்னால் வந்து நின்றான். எல்லோர் முன்னாலும் பழி சொன்னதால் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பேன், குழுவிலும் எழுதுவேன் என்றான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. மர்வானைப் பார்த்தாள்.

"ஓரம் எவ்வளவு சரிஞ்சிருக்கு?"

"ஒரு விரலகலம்."

"அவ்வளவுதானா? கறுப்பு அட்டைய வளையமா வெட்டி ஓரத்த மறைச்சா மிச்சம் சரியா தெரியுமே. பத்து நிமிஷ வேலை." அவள் கத்தரிக்கோலைத் தேடத் தொடங்கினாள். "கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

மாலை 4.20.

முற்றத்தில் பதினொரு மன்றங்களும் கடை விரித்திருந்தன. வெயில் இன்னும் இருந்தது. கீழ்வானில் அரை நிலா வெளுத்துப்போய்த் தொங்கியது. அந்த வெளுத்த நிலாவையே பிடித்துக் கண்முன் நிறுத்தியது தொலைநோக்கி. பள்ளங்களும் மேடுகளும் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தன. பார்க்க நின்ற வரிசை நாடக மன்றத்தின் மேடையைத் தாண்டி வளைந்தது. கேலி செய்தவர்கள் எல்லோரும் அந்த வரிசையில் நின்றதை நுஸ்ஹா ஒவ்வொரு முகமாகப் பார்த்து ரசித்தாள். வரிசையின் கடைசியில் ஸி பூஷைபும் நின்றார்.

புலத் தலைவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு குழலுக்குள் எட்டிப்பார்த்து, இது எந்த நாட்டில் வாங்கியது, ஓரத்தில் ஏன் கறுப்பு வளையம் என்று கேட்டார்.

இத்ரீஸ் வாய் திறப்பதற்குள் ரஜா முன்னால் வந்தாள். மர்வான் இரண்டடி பின்னால் தலைகுனிந்து நின்றான். அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"வாங்கலைங்க, தேய்ச்சோம். ஓரத்துல எங்க தப்பு கொஞ்சம் இருக்கு, அத மறைச்சிருக்கோம். மத்தது பூரா பத்தொன்பது பேரோட கை."

நுஸ்ஹா ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். மர்வானைச் சேர்த்தால்தான் பத்தொன்பது.