பாதி நீலமான அறை

மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நோரீன் நேரே கோல்மனின் மேசை முன் வந்து நின்றாள். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கில்டரா ஊரின் சமூகநல அலுவலகத்தில் அவர்தான் விசாரணை அதிகாரி.

“நான் புருஷனை விட்டுட்டுப் போயிட்டேனாம்! யார் சார் சொன்னது? அவரோட உதவித்தொகையில எனக்கும் பிள்ளைக்கும் சேத்துத் தர்ற பணத்தை நிறுத்திட்டீங்களே!”

உதவியாளர் ஆர்லாவின் முகம் சிவந்தது. அந்தப் புகாரைச் சொன்ன தொலைபேசி அழைப்பை எடுத்தவள் அவள்தான். ‘பொண்டாட்டியும் பிள்ளையும் கிளம்பிட்டாங்க. பிள்ளையோட நீல ரூம் காலியா கிடக்கு’ என்று கரகரத்த குரலில் ஒரு ஆண் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். குரல் யாருடையதென்று தெரியவில்லை என்று அவள் அன்றே கோல்மனிடம் சொல்லியிருந்தாள்.

“என் கொழுந்தன் மாலக்கிதான் சொல்லியிருப்பான். சதுப்பு நிலத்துக்காகக் கிறிஸ்துமஸ்ல சண்டை போட்டவன். அதுக்கப்புறம் எங்க வாசப்படி மிதிக்கல.”

ஆர்லா துள்ளி எழுந்தாள். “அவரைப் போய்ப் பிடிச்சிருவோமா சார்?”

“முதல்ல வீட்டைப் பாப்போம்.”

வீட்டில் நோரீனின் கணவன் ஃபின்டன் கணப்பருகே சக்கர நாற்காலியில் இருந்தான். மனைவியை நிமிர்ந்து பார்க்கவில்லை. மகள் எய்லிஷின் அறையில் புதுப் பெயின்ட் நெடியடித்தது. நெஞ்சு உயரம்வரை நீலம். அதற்கு மேல் பழைய மஞ்சள்.

“எப்ப அடிச்சது?” என்றார் கோல்மன்.

“இந்த மாசம்தான். முழுசா முடிச்சு, பிறந்தநாளுக்குத்தான் எல்லாருக்கும் காட்டணும்னு எய்லிஷ் பிடிவாதம். எங்க மூணு பேரைத் தவிர யாரும் பாக்கல.”

கோல்மன் தேநீர் கேட்டார். நோரீன் சமையலறைக்குப் போனதும் ஃபின்டனின் எதிரே உட்கார்ந்தார்.

“மாலக்கி கடைசியா பாத்தப்போ அந்த ரூம் மஞ்சள். அது நீலம்னு தெரிஞ்ச ஆம்பளை ஒருத்தர்தான். நாற்காலியிலிருந்து கை எட்டின உயரம்வரைக்கும் அடிச்சவர். ஏன் ஃபின்டன் இப்படிப் பண்ணீங்க?”

ஃபின்டன் கணப்பைப் பார்த்தபடியே பேசினான்.

“கோல்வே நகரத்துல அவ அக்கா நல்ல வேலை பாத்து வச்சிருக்கா. இவ போக மாட்டேங்கிறா. என்னைத் தூக்கித் தூக்கி முதுகே போச்சு சார். பணம் நின்னா பிள்ளைக்காகவாவது கிளம்புவான்னு நெனச்சேன்.”

கதவருகே கோப்பைகள் கலகலத்தன. தட்டோடு நின்ற நோரீன் அதை மெல்லக் கீழே வைத்தாள்.

“போகச் சொல்லணும்னா என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. கவர்மெண்ட்டை விட்டுச் சொல்லாத.”

அவன் சிரமப்பட்டு நிமிர்ந்தான். “போயிடு நோரீன்.”

“மாட்டேன்.”

அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். அவள் அருகில் போய் நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். யாரும் தேநீரைத் தொடவில்லை.

காரில் ஏறியபின் ஆர்லா தயங்கிக் கேட்டாள்: “என்ன சார் எழுதறது?”

“அம்மாவும் பிள்ளையும் அந்த வீட்டுலதான் இருக்காங்கன்னு எழுது. இன்னிக்கே நிறுத்தின பணத்தை விடுவிச்சிடு.”

“கூப்பிட்டது யாருன்னு கேட்டா?”

கோல்மன் வண்டியைக் கிளப்பினார்.

“குரல் அடையாளம் தெரியலைன்னு நீதானே சொன்னே?”