சிவப்பை அணைத்த கை

"அவ கையால வாங்கிக் குடிக்கிறதுக்கு நான் பட்டினியே கெடக்கிறேன்!"

மாமியார் தேநீர்க் கோப்பையைத் தள்ளிய வேகத்தில் பாதி மேசையில் கொட்டியது. மருத்துவமனையிலிருந்து நேற்றுத்தான் திரும்பியிருந்தார். உடம்புக்குத்தான் இன்னும் தெம்பில்லை. குரல் முழுசாக வந்துவிட்டது.

மருமகள் துணி எடுத்துத் துடைத்தாள்.

"வாயத் தொறக்குறாளா பாரு! என்னக் கொல்லப் பாத்தவ... மரம் மாதிரி நிக்கிறா!"

கொல்லப் பார்த்த கதை இதுதான். அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் மூத்த மகன் ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்தினான். மாத்திரை வேளையில் போன் கூப்பிடும். போட்டபின் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அவ்வளவுதான் அவர்கள் செய்த செயலி. ஆனால் மேடையேறி அவன் பேசுவதைக் கேட்டால் சாவையே ஒழித்துவிட்டான் என்று தோன்றும். இளையவன் அதற்கான கணினி நிரலை எழுதினான். இளையவனின் மனைவி, இந்த மருமகள், எழுதியதைச் சோதித்துப் பிழை கண்டுபிடித்தாள். "குத்தம் கண்டுபிடிக்கறதெல்லாம் ஒரு உத்தியோகமா? அது மாமியா வேலைல்ல!" என்று மாமியார் ஒரு காலத்தில் சிரித்ததும் உண்டு.

பொத்தானை அழுத்தத் தாமதமானால் அந்தச் செயலி குழம்பிப்போய், போட்ட சர்க்கரை மாத்திரையையே மறுபடி போடச் சொன்னது. மாமியாரும் போட்டார். தான் போட்ட ஞாபகம் இருந்தும் போட்டார். பெரியவன் செய்த போன் பொய் சொல்லுமா? சர்க்கரை இறங்கி, குளியலறை வாசலிலேயே விழுந்துவிட்டார்.

"யாரு தப்பு இது? எவனா இருந்தாலும் இந்த வீட்டுலயும் இருக்கக்கூடாது, ஆபீஸ்லயும் இருக்கக்கூடாது!" என்று மூத்தவன் கர்ஜித்தபோது, "நான்தான் சரியா பாக்கல அத்தான்..." என்றாள் மருமகள். பெண்பிள்ளையாயிற்றே என்று வீட்டில் மட்டும் இருக்கவிட்டான். சோதனை வேலை போய், கீழே இருப்பவர்களுக்குத் தேநீர் கொண்டுபோகும் வேலை கிடைத்தது.

அவள் சொன்னது பொய் என்று வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி அவள். இன்னொருவன் அவள் கணவன். இதோ, அதே மேசையில் தலை குனிந்து ரொட்டி மென்றுகொண்டிருக்கிறான்.

இதே பிழை வரும் என்று தெரிந்துதான் அவள் ஒரு சோதனை எழுதி வைத்திருந்தாள். நிரலில் கோளாறு இருந்தால் திரையில் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. அது சிவப்பைத்தான் காட்டியது. ஆனால் அண்ணன் வெளியீட்டு நாளை ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டான். தம்பி தூங்கி நாளாகியிருந்தது. பிழையைத் திருத்துவதற்குப் பதிலாகச் சோதனையை அணைத்துவிட்டான். சிவப்பு போயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள்.

அம்மா விழுந்த அன்று அவன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்ததைப் பார்த்து மனைவிக்கு மனம் பொறுக்கவில்லை. தூக்கம் கெட்டு செய்த தப்புக்கு வீட்டைவிட்டே துரத்துவார்களே என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அவனும் நல்ல பிள்ளையாக அதை அவள் தலையிலேயே விட்டுவிட்டான். என்ன அருமையான புருஷன்!

அப்போது மூத்தவன் கைகளைத் தேய்த்துக்கொண்டே மாடியேறி வந்தான்.

"அம்மா, இன்னைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நம்ம செயலி போகுது! அங்க இருக்கிற அத்தன நோயாளிக்கும்! அந்தப் பழைய கோளாறயும் தம்பி ராத்திரியோட ராத்திரியா சரி பண்ணிட்டான். உங்க போன்ல புதுச போட்டுடறேன், குடுங்க."

"என் பிள்ளைங்க தங்கம்டா" என்று மாமியார் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு போனை நீட்டினார்.

"பசங்க யாரும் வீட்டுக்கே போகல. நான் சொல்லவே வேணாம், அவங்களா இருக்காங்க. ஏன்னா நாம எல்லாம் ஒரே குடும்பம்!"

இந்தக் குடும்பத்தின் இலட்சணத்தைப் பார்க்க மருமகள் தேநீர்த் தட்டோடு கீழே இறங்கினாள். மேசைக்கடியில் ஒருவன் சுருண்டு கிடந்தான். இன்னொருவன் விழித்திருந்தான், ஆனால் எதையும் பார்க்கவில்லை. மூலையில் ஒரு பெண் வாயைப் பொத்தியபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா வந்துடறேன்டா... காய்ச்சல்னா பாட்டி மருந்து குடுப்பாங்கடா... அழாத கண்ணு, அம்மா இன்னைக்கு வந்துடுவேன்..."

ஒரே குடும்பமாம்! திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. நடுவில் ஒரு வரி மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. அவள் எழுதிய அதே சோதனை. இன்னும் அணைத்தே வைத்திருந்தார்கள். தட்டை அப்படியே வைத்துவிட்டு அவள் மேலே ஓடினாள்.

கணவனைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"என்னங்க... சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்களே?"

"பண்ணுனேன். மறுபடி செவப்பு வந்துச்சு. நேரமில்ல... அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"மறுபடி அணைச்சிட்டீங்களா! இது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகுதுங்க! எத்தன அம்மாங்க விழப்போறாங்களோ!"

"மெதுவா பேசு! இன்னைக்கு ஒரு நாள் வாய மூடிட்டு இரு, உனக்குப் புண்ணியமாப் போகும்..."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் நீர் வந்தது. ஆனால் அது துக்கத்தில் வந்ததல்ல.

"என் தலையில போட்டுக்கிட்டது என் விருப்பம். ஊரான் வீட்டு அம்மா தலையில போட எனக்கு உரிமை இல்ல. நீங்க சொல்றீங்களா... நான் சொல்லட்டுமா?"

அவன் பதில் சொல்வதற்குள் கூடத்தில் போன் இனிமையாகக் கூப்பிட்டது.

'உங்கள் மாத்திரை நேரம்!'

அவள் கதவைத் திறந்தாள். மூத்தவன் திருப்பித் தந்த போனில், மறந்துபோன பொத்தானை மாமியார் அப்போதுதான் அழுத்தியிருந்தார். போன் மறுபடி கூப்பிடவும், "இப்பதான போட்டேன்..." என்று ஒரு கணம் தயங்கினார். பிறகு, "பெரியவனே சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டான், அது தப்பா சொல்லாது" என்று மாத்திரையைக் கையில் எடுத்தார்.

மருமகள் பாய்ந்து கையைப் பிடித்தாள்.

"வேணாம் அத்தை! போட்டுட்டீங்க!"

"விடுடி! பாருங்கடா, மருந்தக்கூடப் பிடுங்குறா! நான் செத்தாத்தான் இவளுக்கு நிம்மதி!"

மூத்தவன் மருமகளின் தோளைப் பிடித்து விலக்க வந்தான். மாத்திரை உதட்டுக்கருகே போயிருந்தது.

"போடாதீங்கம்மா!"

இளையவன் அலறிக்கொண்டே வந்து அம்மாவின் காலடியில் விழுந்தான்.

"நான்தாம்மா! அவ சோதனை சரியாத்தான் சொல்லுச்சு... நான்தான் அணைச்சேன்... அன்னைக்கும் இன்னைக்கும் நான்தான்! என்னைக் காப்பாத்தத்தான் அவ பழிய ஏத்துக்கிட்டா! தூங்காம கண்ணு தெரியலம்மா... அண்ணனுக்கு பயந்து..."

முதலில் தொண்டையைக் கனைத்தது மூத்தவன்தான்.

"சரி, சரி. வீட்டு விஷயத்த அப்புறம் பேசிக்கலாம். ஆஸ்பத்திரிக்காரங்க காத்திருக்காங்க. இது ஒரு சின்னக் கோளாறு... யாரு பொத்தான தாமதமா அழுத்தப்போறா?"

மாமியார் மெல்ல எழுந்தார். உள்ளங்கையிலிருந்த மாத்திரையை மூத்த மகன் முன்னால் நீட்டினார்.

"இந்தா. நீ போடு."

"அம்மா...?"

"உன் போன்தான சொல்லுது? சின்னக் கோளாறுதான? போடுடா!"

அவன் இரண்டடி பின்னால் போனான். மேடைமேல் அத்தனை அழகாகப் பேசும் வாய், இப்போது இறுக மூடிக்கொண்டது.

"உனக்கு உன் உயிரு வெல்லம். பெத்தவ உயிரு சின்னக் கோளாறு... தூ!"

திரும்பியபோது மாமியாரின் முகம் கோணிக்கொண்டு வந்தது.

"என்ன பெத்த தாயே... உன்னை என்னென்ன பேசினேன்! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா... ஏண்டி சொல்லல?" என்று மருமகளைக் கட்டிக்கொண்டு கதறினார்.

"சொன்னா உங்க பிள்ள போயிடுவாரே அத்தை..." என்று அவளும் உடைந்து அழுதாள்.

மூத்தவனின் போன் அடித்தது. பெரிய ஆஸ்பத்திரி. எடுக்கத் தைரியமில்லாமல், "நீயே... நீயே பாத்து சொல்லும்மா, எப்பத் தரலாம்?" என்று அவளிடம் நீட்டினான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு இல்லைன்னு நீங்களே சொல்லுங்க அத்தான். சிவப்ப யாரும் அணைக்கக் கூடாது. சாயங்காலம் ஆனா கீழ விளக்க அணைச்சிடணும். அதுக்கு சம்மதம்னா நான் கீழ வரேன். இல்லன்னா டீ கொண்டுபோகக்கூட வரமாட்டேன்."

அவன் தலையாட்டிவிட்டு, போனை எடுத்து, "இன்னைக்கு இல்லைங்க..." என்றான். அவள் கீழே போய் எல்லோரையும் எழுப்பி வீட்டுக்கு அனுப்பினாள். காய்ச்சல் பிள்ளையின் அம்மா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவில் ஓடினாள்.

கணவன் படியில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சிடு..." என்று விசும்பினான்.

"முதல்ல போய்த் தூங்குங்க. தூங்கி எந்திரிச்சு சொல்லுங்க, அப்ப கேட்டுக்கிறேன்."

மேலே மாமியார் ஆறிப்போன தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். போன் மறுபடி இனிமையாகக் கூப்பிட்டது. அவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு மருமகளைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் மாத்திரை போட்டுட்டேன்ல?"

"போட்டுட்டீங்க அத்தை."

"அது போதும்" என்றார் மாமியார்.