கதவுக்கு மட்டும் நான் பொறுப்பு!

செல்போன் அலறியது.

மதிவதனி கரண்டியைக் கீழே வைக்காமலேயே போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த நாஷ்டா கடை அவளுடையது. அவளுக்கு இருக்கும் ஒரே சொத்தும் அதுதான்.

"மேடம், இன்சூரன்ஸ் கம்பெனி ஜெயவேல் பேசறேன். ஒண்ணே முக்கால் லட்சம்... எப்ப கட்டறீங்க?"

"எதுக்கு சார் கட்டணும்?"

"சந்திரமோகன் சாரோட கார்ல உங்க பைக்கை விட்டு மோதினீங்களே. அவருக்கு நாங்க குடுக்கறதை உங்ககிட்டதான் வசூல் பண்ணுவோம். உங்க வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ் இல்லையே."

இல்லைதான்... பாலிசி புதுப்பிக்க வைத்திருந்த காசில் கிரைண்டர் ரிப்பேர் பார்த்துவிட்டாள். தப்புதான். அதை அவள் மறுக்கவே இல்லை.

"மோதினேன். களம்பூர் ரோட்டுல, பட்டப்பகல்ல. இடது பக்கம் பின் கதவு நசுங்கிச்சு. அதுக்கு இன்னா ஆவுமோ குடுத்துடறேன்."

"பானட், பம்பர், ரெண்டு ஹெட்லைட்டு... எல்லாமே போச்சு மேடம்."

"பின் கதவுல இடிச்சா ஹெட்லைட்டு எப்படி சார் உடையும்? என் பைக்கு இன்னா, காரைச் சுத்திப் பிரதட்சணம் பண்ணிச்சா?"

மறுமுனை சிரிக்கவில்லை.

"கோர்ட்டுக்குப் போனா கடையை வித்துதான் கட்டுவீங்க. பாவமா இருக்கு. முன்பக்க டேமேஜும் என் பைக்காலதான்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, பாதியா முடிச்சுத் தரேன். ஜல்தி சொல்லுங்க."

மதிவதனி வடையைத் திருப்பிப் போட்டாள்.

இன்சூரன்ஸ் கம்பெனியாவது, பாவம் பார்க்கிறதாவது! தாலியறுத்துக்கொண்டு வந்து நிற்பவளிடமே இன்னும் ரெண்டு ஜெராக்ஸ் கேட்கிற கூட்டம். அது தானாக வந்து பாதியைத் தள்ளுகிறதாம்... இதை நம்ப அவளுக்கென்ன கிறுக்கா பிடித்திருக்கிறது?

"போடறேன் சார். ஆனா காரைப் பார்த்துட்டுதான் போடுவேன்."

"சரி, மதியம் சேத்துப்பட்டு ரோடு ஷெட்டுக்கு வாங்க."

போனை வைத்தாள். எதிர் பெஞ்சில் பக்கத்து வீட்டுக் காசியம்மாள். சாப்பிடாமல் கிடந்தவளை மதிவதனிதான் இழுத்து வந்து உட்கார வைத்திருந்தாள். தோசை ஆறிக்கொண்டிருந்தது.

காசியம்மாளின் புருஷன் அய்யாக்கண்ணு, பட்டு நெசவாளி. தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவரை, அதே சேத்துப்பட்டு ரோட்டில் ஏதோ ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருந்தது. அவர் அங்கேயே செத்துப்போயிருந்தார்.

"யக்கா... அண்ணன் அடிபட்டது போன வெள்ளிக்கிழமைதானே?"

"ஆமாம்மா. சாயங்காலம்."

மதிவதனி காரில் இடித்ததும் அதே வெள்ளிக்கிழமை. மதியம்.

"பாவு நூலு இன்னா கலரு?"

"கத்திரிப்பூ கலரு. பாதிதான் கெடச்சுது. மீதியை அந்தப் பாவி வண்டி இழுத்துகினு போயிடுச்சு."

அப்படியானால் அந்தக் காரின் முன்பக்கம் நொறுங்கியது அண்ணன் மேல் மோதியதாலோ? முன்பக்கம் என்னால்தான் என்று கையெழுத்துப் போட்டால்... கடை மட்டுமா போகும்? கொலைப்பழியும் அல்லவா வந்து சேரும்!

மறுபடி போனை எடுத்தாள். தினமும் அவள் கடையில் பொங்கல் சாப்பிடும் சப்-இன்ஸ்பெக்டர் ராமதாஸைக் கூப்பிட்டாள்.

மதியம். ஷெட்.

வெள்ளைக் காரின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. ஆனால் பளபளவென்று கழுவி வைத்திருந்தார்கள். பக்கத்தில் சொந்தக்காரர் சந்திரமோகன், அரிசி மில் முதலாளி. வேட்டியைவிட முகம் வெளுத்திருந்தது.

ஜெயவேல் பேனாவை நீட்டினான்.

"நொறுங்கின காரை இவ்ளோ சுத்தமா கழுவி வெச்சிருக்கீங்களே. மாப்பிள்ளை அழைப்புக்கா?"

"பேஜார் பண்ணாதீங்க மேடம். சைன் போடுங்க."

மதிவதனி குனிந்தாள். முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டாள்.

கிரீஸில் ஊறிய நூல்... அச்சைச் சுற்றி இறுக்கிக் கிடந்தது. ஒரு பிரியை அறுத்து எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

கத்திரிப்பூ நிறம்!

"என் பைக்கு இட்லி மாவுதான் சார் ஏத்தும். பட்டு ஏத்தாது. இது அய்யாக்கண்ணு அண்ணனோட பாவு."

வாசலில் பூட்ஸ் சத்தம். ராமதாஸ் உள்ளே வந்தார். கூட வந்த கான்ஸ்டபிள் நேராகப் போய் சந்திரமோகனின் கையைப் பிடித்தார்.

"மில்காரரே, ஜீப்ல ஏறுங்க. மனுஷனைச் சாவடிச்சுட்டு நாஷ்டா கடை மேல பழி போடறீங்களா?" என்றார் ராமதாஸ்.

"நான் ஓட்டல சார்..." சந்திரமோகன் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். "அன்னைக்குச் சாயங்காலம் கார் என்கிட்டயே இல்ல. நசுங்கின கதவைப் பார்க்க வந்தவரு, நானே ஷெட்டுல விட்டுடறேன்னு சாவியை வாங்கிகினு போனாரு. குடிச்சிருந்தாரு. காலையில வந்து பார்த்தா முன்பக்கமே இல்ல. வாயைத் திறக்காதீங்க, எல்லாம் புதுசாப் போட்டுத் தரேன்னாரு."

"யாரு?"

சந்திரமோகனின் விரல் ஜெயவேலைக் காட்டியது.

மதிவதனி அவன் பக்கம் திரும்பினாள். அவள் சந்தேகப்பட்டது மில்காரரைத்தான். இவனை அல்ல.

"அடப்பாவி. இடிச்சதும் நீ, டேமேஜ் எழுதினதும் நீ, வசூலுக்கு வந்ததும் நீயா? ஒரு மனுஷன் ரோட்டுல செத்துக் கிடந்தாரு... நீ ஹெட்லைட்டுக்கு விலை போட்டுகினு இருந்திருக்க." சந்திரமோகன் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒரு பம்பருக்கு வாயை மூடிகினு இருந்தீங்க. தூ!"

இரண்டு பேரும் ஜீப்பில் ஏற்றப்பட்டார்கள்.

ராமதாஸ் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, இப்பவே சொல்லிடறேன். இன்சூரன்ஸ் இல்லாம வண்டி ஓட்டினதுக்கு உங்களுக்கும் ஃபைன் உண்டு."

"போடுங்க சார், கட்டிடறேன். இன்னைக்கே பாலிசியும் எடுத்துடறேன். ஆனா இவங்க கம்பெனியில மட்டும் வேணாம்."

"ஏன்?"

"இடிக்கறதும் அவங்க, பணம் கேக்கறதும் அவங்க... இதுல நான் வேற வருஷா வருஷம் ப்ரீமியம் கட்டணுமா?"