எட்டு மணி வரைக்கும் எழுதிய தாள்

மணி இரண்டரைதான் ஆகியிருந்தது. தாளில் எட்டு மணி வரைக்கும் எழுதியிருந்தது.

பவுலினா அதை முதலில் பார்த்தபோது பயப்படவில்லை. உள்ளுக்குள் ஒரு நமட்டுச் சிரிப்புத்தான் வந்தது. கட்டிலை ஒட்டிய மேசையில் அட்டையில் கவ்வி வைத்திருந்த தாள் அது. மணிக்கு ஒரு வரிசை: பிரஷர், நாடி, ஜுரம், எழுதியவர் கையெழுத்து. இரண்டு மணி வரிசையை முனிலட்சுமி சிஸ்டர் அவள் கண்ணெதிரே அளந்து எழுதிவிட்டுப் போனாள். அதற்குக் கீழே மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று எல்லாக் கட்டங்களிலும் நீல மையில் எண்கள் நின்றன. எட்டுக்கு நேரே மட்டும் எண் இல்லை. கட்டங்களுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தது.

பாம்பின் கால் பாம்பறியும். சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பதினாறு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறவள் பவுலினா. மணிக்கு ஐந்து பீஸ் எடுத்து அளந்து செக் ஷீட்டில் எழுத வேண்டும். வேலை நெருக்குகிற அன்றைக்கு யார் அளந்துகொண்டிருப்பார்கள்? ஷிஃப்ட் தொடங்கும்போதே எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதி வைத்துவிடுவார்கள். அவளும் எழுதியிருக்கிறாள். எழுதாத கை அந்த லைனிலேயே கிடையாது. அதனால் முனிலட்சுமியைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பாவம், பன்னிரண்டு கட்டிலுக்கு ஒரே பெண். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த இரக்கத்தில் ஒன்றரை மணி நேரம் போயிற்று.

ஐந்து நாளைக்கு முன் லைனில் நின்றபடியே சுருண்டு விழுந்தவள் அவள். பித்தப்பை உள்ளேயே வெடித்து விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். கம்பெனி ஆம்புலன்ஸில் இந்த மூன்று மாடி நர்சிங் ஹோமுக்குத் தூக்கி வந்து அன்றைக்கே வயிற்றைக் கிழித்தார்கள். நான்கு நாள் ஐசியூ. பிழைக்க மாட்டாள் என்று காவேரிப்பட்டினத்திலிருந்து சொந்தபந்தமெல்லாம் வந்து அழுதுவிட்டுப் போயாயிற்று. இன்று காலைதான் இரண்டாம் மாடி அறைக்கு மாற்றினார்கள். செத்துப் பிழைத்தவளுக்குச் சாவின் மேல் ஒரு கோபம் இருக்கும். அவளுக்கு இருந்தது. இன்னொரு முறை அந்தக் கருப்புக்குள் போக மாட்டேன் என்று தனக்குத் தானே சத்தியம் செய்திருந்தாள்.

அறையில் ஃபினாயில் வாசனையும் அதற்கடியில் பக்கத்துத் தோட்டத்து ரோஜாச் செடிகளுக்கு அடித்த மருந்தின் கசப்பும் கலந்து, ஜன்னல் சாத்தியிருந்தும் எங்கிருந்தோ கசிந்து வந்துகொண்டிருந்தன. கீழே பாகலூர் சாலையில் லாரிகள் உறுமிக்கொண்டு போக, கர்நாடக பஸ் ஒன்றிலிருந்து கன்னடப் பாட்டு இரண்டு வரி மட்டும் மேலே ஏறி வந்து அறுந்துபோனது. டிரிப் கம்பியின் நிழல் எதிர்ச் சுவரில் நீளமாக விழுந்திருந்தது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தாள். குடித்த பிறகும் தாகம் அப்படியே இருந்தது.

மூன்று மணிக்கு முனிலட்சுமி வந்தாள். கையில் பட்டையைச் சுற்றினாள், பட்டை உப்பி இறுகிப் பிறகு புஸ்ஸென்று தளர்ந்தது. பேனாவைத் திறந்து எழுதினாள். பவுலினா ஓரக்கண்ணால் பார்த்தாள். ஏற்கெனவே இருந்த எண்ணின் மேலேயே பேனா போனது. ஒன்றின் மேல் ஒன்று. அடுத்த ஒன்றின் மேல் அடுத்த ஒன்று. இரண்டின் வளைவின் மேல் இரண்டின் வளைவு. அங்கன்வாடிப் பிள்ளை புள்ளிக் கோட்டின் மேல் எழுதிப் பழகுவது போல, துளி விலகவில்லை. நூற்றுப் பன்னிரண்டு, கீழே எழுபத்திரண்டு.

பார்த்து எழுதுகிறாளா, இருப்பதன் மேல் இழுக்கிறாளா? கெட்டிக்காரிதான், என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. பொய்யாக எழுதுகிறவர்கள் நல்ல எண்ணைத்தான் எழுதுவார்கள். செக் ஷீட்டில் யாராவது முன்கூட்டியே ரிஜெக்ட் என்று எழுதுவார்களா? இந்தத் தாளில் எண்கள் இறங்கிக்கொண்டே போயின. நான்கு மணிக்கு நூற்று நான்கு. ஐந்துக்குத் தொண்ணூற்று நான்கு. ஆறுக்கு எண்பத்திரண்டு. ஏழுக்கு அறுபது. பக்கத்துக் கட்டத்தில் நாடி மட்டும் ஏறிக்கொண்டே போனது.

பிறகு அந்தக் கோடு.

யார் எழுதியிருப்பார்கள்? எதற்கு? ஐசியூவிலிருந்து அவளை இவ்வளவு அவசரமாக ஏன் கீழே இறக்கினார்கள்? காலையில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளியவர்கள் லிஃப்டில் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லையே, ஏன்? ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கீறல் தெரிந்தது.

நான்கு மணிக்குப் பட்டை கையில் இறுகியபோது அவள் தாளைப் பார்க்கவில்லை. மெஷினையே பார்த்தாள். எண்கள் ஓடி நின்றன. நூற்று நான்கு, அறுபத்தாறு.

தாளிலும் அதுதான்.

"சிஸ்டர், கொஞ்சம் நில்லுங்க. இந்தத் தாள்ல அஞ்சு மணிக்கு என்னா எழுதியிருக்கு?"

முனிலட்சுமி குனிந்து பார்த்தாள். "அஞ்சு மணி இன்னும் ஆகலியேக்கா."

"ஆகல. எழுதியிருக்கே. நானும் கம்பெனியில எழுதுறவதான், உங்கள மாட்டிவிட மாட்டேன். சொல்லுங்க, யார் எழுதுனது?"

"காலியாத்தான் கெடக்குக்கா." அவள் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். வெளிச்சத்தில் எண்கள் இன்னும் கறுப்பாகத் தெரிந்தன. "ஐசியூல இருந்து வர்றவங்களுக்கு இப்பிடித்தான் ரெண்டு நாளைக்கு ஏதாச்சும் தெரியும். போன வாரம் ஒரு அண்ணன் ஃபேன் மேல ஆடு மேயுதுன்னாரு. பயப்படாதீங்க."

பயப்படாதே என்று சொல்கிறவர்களை நம்பவே கூடாது. வாசலுக்கு வெளியே போய் முனிலட்சுமி போனில் டாக்டரிடம் தெலுங்கில் தாழ்ந்த குரலில் பேசினாள். லைனில் பாதிப் பெண்கள் தெலுங்குக்காரர்கள். பவுலினாவுக்கு நன்றாகவே புரிந்தது. நித்ரகி இஞ்செக்‌ஷன் இச்சேதா சார், என்று கேட்டாள். தூங்க ஊசி போடட்டுமா என்று.

தூங்கினால் எட்டு மணி வந்துவிடும்.

நாலரைக்கு ஐசக் வந்தான். கிரானைட் பாலிஷ் போடும் யூனிட்டிலிருந்து நேரே வந்திருந்தான், புருவத்தில் கல் தூசி வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவள் கணவன் யாரோடும் சத்தமாகப் பேசாதவன். ஓட்டலில் சாம்பாரில் உப்பில்லை என்றால்கூட உப்பைக் கேட்காமல் தின்றுவிட்டு வருகிறவன். அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். தாளைப் பார்த்தான்.

"எனக்கும் ஒண்ணும் தெரியல பவுலி. டாக்டருக்குத் தெரியாதா? நாம எதாச்சும் சொல்லி அவங்க மனசு கோணிடப் போவுது."

"அவங்க மனசு கோணட்டுங்க. நான் செத்துட்டா நேரா ஆகிடுமா? எனக்கு உள்ள என்னமோ ஆவுது. தோள்பட்டை இழுக்குது. தண்ணி தண்ணின்னு கேக்குது நாக்கு. நீங்க என் பக்கம் நில்லுங்க. அது போதும்."

ஐந்து மணி. முனிலட்சுமி ஊசியும் பட்டையுமாக வந்தாள்.

"ஊசி வேண்டாம். பிரஷர் பாருங்க. நான் இப்பவே சொல்றேன், தொண்ணூத்து நாலு, அறுபது. நாடி நூத்திப் பதினெட்டு."

பட்டை இறுகியது. தளர்ந்தது. முனிலட்சுமி மெஷினைப் பார்த்தாள். பட்டையை அவிழ்த்து மற்றக் கையில் சுற்றினாள். மறுபடி பார்த்தாள். அதே எண்கள்தான்.

"டாக்டரக் கூட்டியாறேன்க்கா," என்றாள். ஊசியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் சுரேந்தர் இளைஞர், களைத்த முகம். எண்ணைப் பார்த்தார். "இவ்ளோ பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்சம் லோவாதான் இருக்கும். ஒரு பாட்டில் சலைன் போடுவோம். நாளைக்குக் காலையில ஸ்கேன் பாத்துக்கலாம்."

"காலையில நான் இருக்க மாட்டேன் டாக்டர்."

"அப்பிடியெல்லாம் பேசக் கூடாதும்மா."

"எங்க லைன்ல ஒரு கயிறு தொங்கும். ஏதோ தப்புன்னு பட்டா, நேத்து சேர்ந்த பொண்ணுகூட அத இழுக்கலாம். மொத்த லைனும் நிக்கும். மேனேஜர் வந்து ஏன் இழுத்தேன்னு கேக்கக் கூடாது, என்னா தப்புன்னு பாக்கணும். நான் இழுத்துட்டேன். வந்து பாருங்க. முடியாதுன்னா, நோயாளி கேட்டாங்க நான் மறுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மணியும் போடுங்க."

பேசி முடித்ததும் மூச்சு வாங்கியது. சுவரில் டிரிப் கம்பியின் நிழல் மங்கி, சுவரே நிழலாகிக்கொண்டிருந்தது. அப்போது ஐசக் தொண்டையைச் செருமினான்.

"அவ சொல்றதச் செய்ங்க சார். எங்க வேணா கையெழுத்துப் போடுறேன்."

டாக்டர் ஒரு ஃபாரத்தை எடுத்து அந்த அட்டையிலேயே, அந்தத் தாளின் மேலேயே வைத்துக் கவ்வி நீட்டினார். என்ன நேர்ந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று நோயாளியின் ஆள் எழுதிக் கொடுக்கும் வழக்கமான ஃபாரம். ஐசக் படிக்கவே இல்லை. கல்லை அழுத்திப் பழகிய கை. பேனாவை அழுத்தி, பெயரை முழுசாக எழுதினான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்கேன் மெஷினை உருட்டி வந்தார்கள். வயிற்றில் குளிர்ந்த பசை. திரையில் கருப்பு. டாக்டரின் முகம் மாறியது. "உள்ள ரத்தம். தியேட்டர ரெடி பண்ணு." யாரோ ஓடினார்கள். பட்டை இறுகியது. எண்பத்திரண்டு. காலில் சில்லிப்பு. விளக்குகள் தலைக்கு மேலே ஓடின. ஒன்று. இன்னொன்று. ஏசுவே. இன்னொன்று.

கருப்பு.

கண் திறந்தபோது காலை வெயில்.

எட்டு மணி தாண்டியிருந்தது. ஒரு ராத்திரியே தாண்டியிருந்தது. மறுபடி ஐசியூ. வாயில் குழாய். பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு மணிக்கட்டையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். வலித்தது, உடம்பு முழுக்க வலித்தது, அந்த வலியெல்லாம் அவளுக்கு இனித்தது. உயிரோடு இருக்கிறாள். பக்கத்து ஸ்டூலில் ஐசக் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் இறங்கியது.

டாக்டர் சுரேந்தர் வந்து கால்மாட்டில் நின்றார். "ரெண்டு லிட்டர் ரத்தம் வயித்துக்குள்ள. ஆறு மணிக்கு மேல விட்டிருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. நீங்க பிடிவாதம் புடிச்சதாலதான் இன்னைக்கு இருக்கீங்க." அவர் போன பிறகு ஒரு புது சிஸ்டர் வந்தாள், குழாயைச் சரிபார்த்தாள், புதுத் தாள் ஒன்றை அட்டையில் கவ்விப் படுக்கையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ஐசக் அதை எடுத்தான். அவள் நேற்றுப் பட்ட பயம் தெரிந்தவன். அவளுக்கு நேரே திருப்பிக் காட்டினான்.

"பாரு பவுலி. காலியா கெடக்கு. ஒண்ணும் இல்ல."

தாள் நிறைந்திருந்தது.

எட்டு மணிக்கு நூற்று இருபத்தெட்டு. ஒன்பதுக்குத் தொண்ணூற்று ஆறு. பத்துக்கு எழுபது. பதினொன்றுக்கு நேரே கோடு. மேலே பெயர் எழுதும் இடத்தில் பவுலினா என்று இல்லை. ஐசக் என்று இருந்தது, நேற்று ஃபாரத்தில் அவன் அழுத்தி எழுதிய அதே எழுத்தில். வயது நாற்பத்தாறு. ஆண்.

அவள் தலையை ஆட்டினாள். குழாய் தொண்டையை அறுத்தது. கத்தினாள். சத்தம் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது பத்து.

"என்னா, தண்ணியா? இப்பக் குடுக்கக் கூடாதாம்."

இல்லை. இல்லை. கண்ணால் அழைப்பு மணியைக் காட்டினாள். அவன் திரும்பிப் பார்த்தான். "சிஸ்டர் இப்பத்தான போனாங்க. சும்மாச் சும்மாக் கூப்புட்டா நல்லா இருக்காது."

கட்டிய கையின் விரலால் அவன் உள்ளங்கையில் எழுதப் பார்த்தாள். டாக்டரிடம் உங்களைப் பார்க்கச் சொல்லுங்க. உங்களை. அவன் சிரித்தான். அவன் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"ராத்திரி பூரா பெஞ்சுல கெடந்தது, தோள் புடிச்சிக்கிச்சு. எனக்கென்னா, நான் நல்லாத்தான் இருக்கேன். நீ தூங்கு."

துணியை இழுத்தாள். கம்பி அதிர்ந்தது. அடுத்த கட்டிலில் சிஸ்டரின் முதுகு. திரும்பவில்லை. ஒன்பதேகால்.

ஐசக் அவள் கையின் மேல் தன் கையை வைத்து, குழந்தையைத் தூங்கவைப்பது போல மெதுவாகத் தட்டத் தொடங்கினான். அவள் முகத்தையே பார்த்துச் சிரித்தபடி தட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தட்டுக்கும் அந்தக் கை இன்னும் கொஞ்சம் குளிர்ந்திருந்தது.