உள்பக்கத் தாழ்ப்பாள்

கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனாலும் அதன் சட்டத்தில் ஒட்டியிருந்த சின்ன அலாரம் தொண்டை கிழியக் கத்தியது.

மார்லா கையிலிருந்த பால் கேனைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு ஓடினாள். வீட்டின் பின்பக்கம், நீச்சல்குளத்தைப் பார்த்துத் திறக்கும் பெரிய கண்ணாடிக் கதவு அது. பக்கவாட்டில் இழுத்துத் திறக்க வேண்டும். பிள்ளைகளின் கை எட்டாத உயரத்தில், மார்லாவே கையைத் தூக்கினால்தான் எட்டும் இடத்தில், உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அது போட்டது போட்டபடி இருந்தது. வெளியே, சுற்றிலும் மேலும் மூடிக் கட்டிய கொசுவலைக் கூண்டுக்குள், குளம் ஒரு சலனமும் இல்லாமல் கிடந்தது. ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம், வெள்ளைத் தரையில், கையகலத்துக்கு ஈரம்.

"ரூபி! கதவத் தொட்டியா?"

"நான் மாடியில இருக்கேன்மா! இங்க கட்டிலுக்கு மேல கட்டில் இருக்கு! நான் மேலதான் படுப்பேன்!"

ரூபிக்கு ஐந்து வயது. நேற்றுக் காலை கென்டக்கியில் காரில் ஏறியதிலிருந்து அவள் வாய் மூடவில்லை. அவள் அப்பா கிளின்ட் இரண்டு தோளிலும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே வந்தான், அலாரத்தின் பொத்தானை அமுக்கினான். கத்தல் நின்றது.

"புதுசா ஆளப் பாத்தா கத்துது, நம்ம பக்கத்து வீட்டு நாய் மாதிரி. பழகிடும் விடு."

மார்லா ஈரத்தைத் துடைத்தாள். சுத்தம் செய்ய வந்தவள் விட்டுப்போன ஈரமாக இருக்கும் என்று நினைத்தாள். துடைத்த துணியில் குளோரின் வாடை அடித்தது.

இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். குளிர்காலம் முழுக்க, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, ரூபி தூங்கிய பிறகு சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, போனில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். கோடை விடுமுறைக்குப் போகவிருந்த கேளிக்கைப் பூங்காவுக்கு உள்ளேயே இருக்கும் ஓட்டல்களில் ஓர் அறைக்கே சொத்தை எழுதிக் கேட்பார்கள் போலிருந்தது. நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல்கள் மலிவு; ஆனால் தங்கிப் போனவர்கள் மூட்டைப்பூச்சியைப் படமெடுத்துப் போட்டிருந்தார்கள். கடைசியில் கிஸ்ஸிமி என்ற ஊரில் இந்த வாடகை வீடு கண்ணில் பட்டது. மாடி வீடு, சமையலறை, சொந்தக் குளம், பூங்காவுக்குக் காரில் கொஞ்ச தூரம். ஓட்டல் அறையில் பாதி விலை. வந்து தங்கியவர்களெல்லாம் நட்சத்திரங்களை வாரி இறைத்திருந்தார்கள். எல்லாரும் சொன்ன குறை ஒன்றுதான்: குளத்துக் கதவின் அலாரம் சும்மா சும்மா கத்துகிறது, பேட்டரியைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்தோம். ஜனங்களுக்குக் குறை சொல்ல ஏதாவது வேண்டுமே என்று சிரித்துக்கொண்டே மார்லா முன்பணம் கட்டினாள்.

சாயங்காலம் கிளின்ட்டின் அக்கா பேட்ரிஸ் போன் செய்தாள். அவள் போன வருஷம் பூங்கா ஓட்டலில் தங்கியவள். அந்தக் கதையை இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

"என்ன மார்லா, உன் அரண்மனை எப்படி இருக்கு? கரப்பான்லாம் வாசல்ல வந்து வரவேற்றுச்சா?"

"கரப்பானெல்லாம் உன் ஓட்டல்லதான் பேட்ரிஸ். அங்கதான் அதுக்கும் காலைச் சாப்பாடு இலவசம்."

மார்லா சொல்லி வாயை மூடவில்லை, அலாரம் மறுபடி அலறியது. ரூபி மேஜையில் மக்ரோனி தின்றுகொண்டிருந்தாள். கிளின்ட் எதிரே உட்கார்ந்திருந்தான். கதவருகே யாருமே இல்லை.

"அய்யய்யோ, அது என்ன சத்தம்? வீட்டுக்குள்ள ஆம்புலன்ஸா?"

"டிவி," என்று மார்லா போனை வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் இனி ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் வான்கோழியோடு சேர்த்து அவளையும் அறுப்பார்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் யாடிரா என்ற பெண்ணுக்கு மார்லா போன் போட்டாள். பின்னணியில் ஏதோ வீட்டில் தூசி உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அலாரம் என்றதும் அதை நிறுத்தினாள்.

"அடிச்சா அடிக்கட்டும்மா. அதுபாட்டுக்கு அடிச்சிட்டுப் போகட்டும். பேட்டரிய மட்டும் கழட்டிடாதீங்க."

"ஆளே இல்லாம அடிக்குதும்மா. கெட்டுப் போச்சோ என்னவோ."

"கெடல." யாடிரா கொஞ்சம் தயங்கினாள். "குளம் இருக்கற வீட்டுல அலாரம் இருக்கணும்னு இங்க சட்டம்மா. பாருங்க, அது கத்தற வரைக்கும் பயமில்ல. நீங்க பொத்தான அமுக்கிட்டுப் போய்ப் படுங்க."

படுக்கப் போகும் நேரத்தில் மீண்டும் கத்தியது. கிளின்ட் வெண்ணெய் தடவும் கத்தியோடு போய் மூடியை நெம்பினான்.

"ரூபிக்கு நீச்சல் தெரியாது, கிளின்ட்."

"அதான் தாழ்ப்பா இருக்கே. நாளைக்கு விடியறதுக்குள்ள பூங்கா வாசல்ல போய் நிக்கணும்மா தாயே. இது கத்திக்கிட்டே இருந்தா யாரு தூங்கறது?"

கூடாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தான் பிடித்த வீடு நல்ல வீடு என்று ஆக வேண்டும், எல்லாரும் நன்றாகத் தூங்க வேண்டும் என்பதுதான் அப்போது அவளுக்குப் பெரிதாக இருந்தது. பேட்டரி கிளின்ட்டின் சட்டைப்பைக்குள் போனது. வீடு அமைதியானது. மூவரும் அடித்துப்போட்டது போல் தூங்கினார்கள்.

மறுநாள் காலை படியிறங்கும்போது மாடிப்படியில் குளோரின் வாடை அடித்தது. மார்லா ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

பூங்காவுக்கு மூவரும் ஒரே மாதிரி மஞ்சள் சட்டையில் போனார்கள். இதற்காகவே அச்சடித்து வாங்கியவை, முதுகில் அவரவர் பெயர். பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் வந்திருந்தன. கூட்டத்தில் பிள்ளை தொலையக் கூடாது அல்லவா? மதியம் வானம் கறுத்து, இடி இடிக்கத் தொடங்கியதும் ராட்டினங்களை நிறுத்திவிட்டார்கள். ஜூலை மாதத்தில் தினமும் இதே கதைதான். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு மழை விட்டதும் திரும்பி வரலாம் என்று எல்லாரும் காருக்கு ஓடினார்கள்.

வீட்டுக்கு வருவதற்குள் ரூபி தொப்பலாக நனைந்துவிட்டாள். சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மார்லா சிரித்துக்கொண்டே, சட்டையை அவள் உடம்பிலேயே வைத்து, தலைமுடி காயவைக்கும் கருவியால் உலர்த்தினாள். மேல் கட்டிலில் ஏற்றிப் போர்த்திவிட்டாள். பேச்சின் நடுவிலேயே ரூபி தூங்கிப்போனாள்.

"பீட்சா வாங்கிட்டு வந்துடறேன்," என்று கிளின்ட் கிளம்பினான்.

மார்லா கீழே வந்து தாழ்ப்பாளைப் பார்த்தாள். போட்டிருந்தது. சோபாவில் உட்கார்ந்தாள். மழை கொசுவலைக் கூண்டின்மேல் அரிசியைக் கொட்டுவது போல் விழுந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து நடந்த கால்கள் வலித்தன. கண்ணை ஒரு நிமிஷம் மூடலாம் என்று மூடினாள்.

விழித்தபோது மின்சாரம் போயிருந்தது. குளிர்சாதனத்தின் உறுமல் இல்லை, குளிர்பதனப் பெட்டியின் முனகல் இல்லை. அந்த ஓசைகளையெல்லாம் இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதே அவை நின்ற பிறகுதான் தெரிந்தது. பிற்பகல்தான் என்றாலும் அறைக்குள் மேஜையும் நாற்காலிகளும் கரிக்கட்டைகளாகத் தெரிந்தன. புழுக்கத்தில் கழுத்தில் வியர்வை கசிந்தது. அந்தப் புழுக்கத்துக்குள் குளோரின் வாடை, நேற்றைப் போல் லேசாக இல்லாமல், தண்ணீருக்கு வெகு அருகில் முகத்தை வைத்தது போல் நெடியாக அடித்தது. மழைக்கு நடுவே இன்னொரு சத்தமும் இருந்தது. மெத்தென்று, ஈரமாக, விட்டுவிட்டு.

கண்ணாடியைத் தட்டுகிற சத்தம்.

திரும்பினாள். கதவுக்கு வெளியே ரூபி நின்றாள்.

மஞ்சள் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தலைமுடி முகமெல்லாம் வழிந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அடித்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. குரலை மழை தின்றுவிட்டது.

மார்லா எப்படி எழுந்தாள், எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. கையைத் தூக்கித் தாழ்ப்பாளை நீக்கினாள், கதவை இழுத்தாள், பிள்ளையை வாரி மார்போடு அணைத்தாள். பிள்ளை பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. மூச்சு வாங்கியது. தண்ணீர் தண்ணீராகக் கக்கியது.

"தங்கம், எப்படிடி வெளிய போன? எப்படிம்மா போன?"

பிள்ளைக்குப் பேச வரவில்லை. கையை மட்டும் தூக்கி மாடிப்படியைக் காட்டியது.

அப்போதுதான் மார்லாவுக்கு உறைத்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்பக்கம். கையிலிருக்கும் இந்தப் பிள்ளை வெளியே போனபின், உள்ளே இருந்து யாரோ போட்டிருக்க வேண்டும்.

அல்லது இவள் உள்ளேயிருந்து வெளியே போகவே இல்லை.

மாடியில் கட்டில் கிறீச்சிட்டது.

"அம்மா?"

படியின் உச்சியில் ரூபி நின்றாள். மஞ்சள் சட்டை உலர்ந்திருந்தது. தலைமுடி, மார்லா காயவைத்தபடியே, பஞ்சாகப் பறந்தது. ஒரு கையால் கண்ணைக் கசக்கினாள்.

"அம்மா, அது யாரு?"

மார்லா மாறி மாறிப் பார்த்தாள். கையில் ஒரு ரூபி. படியில் ஒரு ரூபி. அதே மூக்கு, அதே நெற்றி.

"அம்மா," என்றது கையிலிருந்தது. "நான்தாம்மா. நான்தான்."

"அத வெளிய விட்டுடும்மா," என்றது படியில் நின்றது. "எனக்குப் பயமா இருக்கு."

அலாரம் எதைப் பார்த்துக் கத்தியது? கதவருகே யார் நின்றதால் தரை ஈரமானது? குளத்திலிருந்து வருவது ஈரமாகத்தானே வரும். மார்லா மேலே யோசிக்கவில்லை. தன் கையால் உலர்த்திய தலை அதோ படியில் இருக்கிறது. கழுத்தைக் கட்டியிருந்த குளிர்ந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அது கத்தியது. அவள் சட்டையைப் பிடித்தது. பிய்த்து எடுத்தாள். மழைக்குள் தள்ளினாள். கதவை இழுத்தாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

உலர்ந்த பிள்ளை படியிறங்கி வந்தது. மார்லா மண்டியிட்டு அதைக் கட்டிக்கொண்டாள். உச்சியை முகர்ந்தாள். வீட்டு ஷாம்புவின் வாசனை. வெதுவெதுப்பு. என் பிள்ளை, என் பிள்ளை என்று அழுதாள். முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்.

பார்த்தாள்.

வெளியே நின்ற பிள்ளை அழுது அழுது விக்கத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் இடது தோள் மட்டும் தூக்கிப் போட்டது. ரூபி தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அப்படித்தான் விக்குவாள். வேறு எந்தப் பிள்ளையும் அப்படி விக்கி மார்லா பார்த்ததில்லை.

அணைப்பில் இருந்த பிள்ளையின் மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை. கட்டிக்கொண்ட நேரத்திலிருந்து அது ஒரு மூச்சுகூட விடவில்லை.

"ரூபி!"

அதை உதறிவிட்டு எழுந்தாள். தாழ்ப்பாளுக்குக் கையை உயர்த்தினாள். விரல்களுக்கு இரும்பு தட்டுப்படவில்லை.

தோல் தட்டுப்பட்டது.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. பிஞ்சுக் கை. புறங்கையில், ரூபியை நேற்றுக் கொசு கடித்த தடிப்புகூட இருந்தது. தாழ்ப்பாளை இறுக மூடிப் பிடித்திருந்தது. மார்லாவின் பார்வை அந்தக் கையிலிருந்து கீழே இறங்கியது. மணிக்கட்டு. முழங்கை. அதற்குக் கீழே இன்னும் கை. அவள் தோளைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, இன்னும் கை. கடைசியில் அவள் முழங்கால் அருகே, மஞ்சள் சட்டையின் குட்டைக் கைக்குள் அது போய் முடிந்தது. பிள்ளை எக்கிக்கூட நிற்கவில்லை. பாதம் இரண்டும் தரையில் பதிய நின்று, அவளை அண்ணாந்து பார்த்தது.

"வாம்மா," என்றது ரூபியின் குரலில். "மேல போய்த் தூங்கலாம்."

மார்லா அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். நகத்தால் கீறினாள். பல்லால் கடித்தாள். ஒரு விரல்கூட அசையவில்லை. கண்ணாடியைக் கையால் அறைந்தாள், நாற்காலியைத் தூக்கி அடித்தாள், ரூபி, ரூபி என்று கத்தினாள்.

வெளியே விக்கல் நின்றிருந்தது. ரூபி இப்போது கதவைத் தட்டவில்லை. குப்புற விழுந்து கிடந்தாள். கண்ணாடியின் அடியில் பத்து விரல்களையும் அழுத்தி, அம்மாவையே பார்த்துக்கொண்டு, யாரோ காலைப் பிடித்து இழுப்பது போல், ஈரத்தரையில் மெல்ல மெல்லக் குளத்தை நோக்கிப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.