ஐந்தரை மணி, பூஜ்யம் வினாடி

காலை 8.10. காணாமல் போனது நான்கு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி.

மலைநிலையத்து நிலநடுக்கப் பதிவில் அன்று காலை ஐந்தரை மணியிலிருந்து அவ்வளவு நேரத்துக்குக் கோடே இல்லை. திரை வெள்ளையாகக் கிடந்தது. ஆய்வு மையத்தின் இயக்குநர் அதைப் பார்த்தார், மின்சாரக் கணக்கியைப் பார்த்தார், ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நிலையத்தில் மின்சாரச் செலவு காலையில் சட்டென்று குறைந்திருந்தது. அங்கே இருப்பவர் ஒரே ஒரு காப்பாளர். கருவியை அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும். கருவியை நிறுத்தினால் வேலை போகும், வேலையோடு குடியிருக்கும் வீடும் போகும். கடிதம் தட்டச்சாகிக்கொண்டிருந்தது.

அந்தப் பதிவுகளைப் படித்துத் திரையில் காட்டும் மென்பொருளை எழுதியவளுக்கு மையத்தில் 'சல்லடை' என்று பட்டப்பெயர். அவள் கண்ணில் படாமல் ஒரு பிழையும் தப்பாது என்று பேச்சு. அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், மறுப்பானேன். கடிதத்தை நிறுத்தி வையுங்கள், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டாள்.

"ரெண்டு மணி வரைக்கும் பொறுக்கறேன்" என்றார் இயக்குநர். "அதுக்குள்ள காரணம் தெரியலைன்னா அவர் சாவியைக் கொடுத்துட்டுக் கீழ இறங்கணும்."

ஜீப்பில் போகும்போது அவளுக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இடைவெளி ஐந்து மணி, முப்பது நிமிடம், பூஜ்யம் வினாடியில் தொடங்கியிருந்தது. மனுஷன் கை ஒரு சுவிட்சை அணைத்தால் வினாடி இவ்வளவு சுத்தமாகவா விழும்? போதாததற்கு மின்சாரம் குறைந்தது ஐந்து இருபதுக்கு. கணக்கியின் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கி ஓடுகிறது போல என்று இயக்குநர் அதைத் தள்ளிவிட்டார். அவளால் தள்ள முடியவில்லை.

ஐந்தரை மணிக்கு வேறொரு விசேஷமும் உண்டு. எல்லா நாட்டு நிலையங்களும் ஒரே வடிவத்தில், ஒரே உலகக் கடிகாரப்படிதான் பதிவை எழுதும். அந்தக் கடிகாரத்தில் தேதி மாறுவது இந்த ஊருக்குக் காலை ஐந்தரை மணி. ஐந்து மணிக்கு வேலைக்கு வருபவர்களைப் பார்த்து, 'என்ன, நேத்தே வந்துட்டீங்க?' என்று மையத்தில் கேலி பேசுவார்கள்.

10.20. காப்பாளர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கண்ணெல்லாம் சிவப்பு. உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"காலையில எதையாவது நிறுத்தினீங்களா, அண்ணே?"

"இல்லைங்க மேடம்."

"அஞ்சு இருபதுக்குக் கரண்ட் குறைஞ்சிருக்கே."

"மீட்டர் பழசுங்க."

"ஏன் இவ்வளவு மெதுவாப் பேசறீங்க?"

"தொண்டை சரியில்லை."

இவருக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியவில்லையே என்று அவளுக்குப் பரிதாபமாக இருந்தது. கருவி அறையைத் திறந்து பார்த்தாள். கருவி நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் விளக்கு ஒருமுறைகூட அணைந்ததாகக் குறிப்பில்லை. கைகழுவக் குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது. தினமும் ஐந்து மணியிலிருந்து ஆறு வரை மோட்டார் தானாக ஓடித் தொட்டியை நிரப்பும் என்று சுவரில் அட்டை தொங்கியது. வீட்டுக்குப் பின்னால் போய் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்றிருந்தது. பக்கத்துக் கொடியில் கைக்குட்டை அளவுக்குப் பழைய வேட்டித் துண்டுகள், பதினொன்று, வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

அவள் குரல் தானாகத் தாழ்ந்தது.

"எத்தனை நாள் ஆச்சு?"

காப்பாளர் படியில் உட்கார்ந்துவிட்டார். "இருபத்திரண்டு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மருமகன் கப்பலில் வேலை. பிரசவமான மகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. அம்மா இல்லாத பெண். குழந்தை மூன்று ராத்திரியாகக் கண்ணே மூடவில்லை, மகளும்தான். இன்று காலை இவர் தோளில் போட்டு நடந்து நடந்து, ஐந்து இருபதுக்கு ஒருவழியாகக் கண் அயர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் தடதடத்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் நிறுத்தினார்.

"கருவியைத் தொடலைங்க. சத்தியமா."

"இதைச் சொல்லியிருக்கலாமே?"

"நிலையத்துல குடும்பம் தங்கக்கூடாதுன்னு விதி. சொன்னா ரெண்டு பேரும் இன்னைக்கே இறங்கணும். நான்னா எங்கயாவது படுத்துப்பேன். பச்சை உடம்புக்காரி எங்க போவா?"

இரக்கப்பட்டு என்ன செய்ய? மோட்டார் நின்றால் பதிவு எப்படிக் காணாமல் போகும்? அதற்கு விடை இல்லாமல் இந்த மனிதரைக் காப்பாற்ற முடியாது. அதே படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

11.35. விடை கிடைத்தது.

கருவி தான் அளக்கும் எண்களைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டும். பொட்டலத்தின் அளவு மாறாது. பூமி அதிர்ந்தால் எண்கள் பெரிது, இடத்தை அடைக்கும்; ஒன்றரை நிமிடத்திலேயே பொட்டலம் நிரம்பிவிடும். பூமி அசையாமல் இருந்தால் எண்கள் சின்னது, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே பொட்டலத்தில் அடங்கும். நிரம்பிய பொட்டலம் எந்த நாளில் தொடங்கியதோ அந்த நாளின் கோப்பில் போய் உட்காரும். அவளுடைய மென்பொருளோ, இன்றைய பதிவைக் கேட்டால் இன்றைய கோப்பை மட்டும்தான் திறந்தது.

நேற்றைய கோப்பின் கடைசிப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஐந்து இருபத்தொன்பதுக்கு மேல் பதினெட்டு வினாடியில் தொடக்கம். ஐந்து முப்பத்துநான்குக்கு மேல் நாற்பத்தெட்டு வினாடியில் முடிவு. ஒரு எண் குறையவில்லை.

மற்ற நாட்களையும் பார்த்தாள். மென்பொருள் வந்த பதினோரு மாதமாக, ஒவ்வொரு காலையும் ஐந்தரை மணிக்கு ஒரு நிமிடமோ அதைவிடக் கொஞ்சம் கூடவோ விழுங்கியிருந்தது. மோட்டார் அதிர்வில் பொட்டலங்கள் குட்டையாக இருந்ததால் இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. இரண்டு நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளிக்கு எச்சரிக்கை வேண்டாம், சும்மா நச்சரிக்கும் என்று ஏற்பாடு செய்தவளும் அவளேதான்.

12.05. இயக்குநரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஆள் கிடைச்சாச்சு சார். நான்தான்."

முழுக்கச் சொன்னாள். பதிவு பத்திரமாக இருப்பதையும், தன் பிழையையும், மோட்டார் நின்றதால் அது வெளியே வந்ததையும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இயக்குநர், மோட்டார் ஏன் நின்றது என்று கேட்டார். அவள் வாயில் தயாராக ஒரு பொய் இருந்தது. அதற்குள் காப்பாளர் கையை நீட்டித் தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"பேத்தி தூங்கினா சார். அதான் நிறுத்தினேன். என் பொண்ணு இங்கதான் இருக்கா."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று அவளுக்குக் கேட்கவில்லை. காப்பாளர் 'சரிங்க சார்' என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை குரல் உடைந்தது.

"அனுமதி கேட்டு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். மோட்டாரை இனிமே பத்து மணிக்கு வெச்சுக்கச் சொன்னார்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அப்புறம் கொஞ்சம் தயங்கினார். "உங்களைப் பத்தியும் கேட்டார். தப்பைத் திருத்திட்டுத்தான் இன்னைக்கு வீட்டுக்குப் போகணுமாம்."

அவள் சிரித்தாள். அந்தக் கடைசிப் பொட்டலத்தைத் திரையில் விரித்து அவரிடம் காட்டினாள். வருஷம் முழுக்க அந்த விடிகாலை நேரத்தில் நிலையம் எழுதிய கோடுகளில் இவ்வளவு அமைதியான கோடு வேறில்லை. அவர் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இது அவ தூங்கினதுங்களா?"

"ஆமாண்ணே. அதுல ஒரு அஞ்சரை நிமிஷம்."

"இதை ஒரு தாள்ல எடுத்துத் தர முடியுமா மேடம்? அவ அப்பாவுக்கு அனுப்பணும். அவர் இன்னும் குழந்தையைப் பார்க்கலை."

மையத்துக்குத் திரும்பியதும் அவள் முதலில் அதைத்தான் அச்செடுத்தாள். பிழைத்திருத்தம் அதற்கப்புறம்.