சிறுகுறிஞ்சான் டப்பா

1996. காலை ஒன்பதரை மணி. காந்திபுரத்தை அடுத்திருந்த சிறிய ஆய்வு மருத்துவமனையின் அலமாரியில் மூன்று டப்பாக்களுக்குப் பதில் இரண்டுதான் இருந்தன.

டாக்டர் பங்காரம்மா மிச்சமிருந்தவற்றின் எண்களைப் பார்த்தார். போனது சிறுகுறிஞ்சான் இலையிலிருந்து பிரித்தெடுத்த பொடி. சர்க்கரை நோயையும் கல்லீரல் கொழுப்பையும் அது குறைக்கிறதா என்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த இரண்டிலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில நோயாளிகளுக்கு மட்டும் கொடுக்கும் மருந்தில்லாத போலிப்பொடி. ஒரே நிறம், ஒரே கசப்பு, மேலே எண் மட்டும். எது அசல் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அந்த டப்பா இல்லாவிட்டால் ஆய்வு இன்றோடு நின்றுவிடும்.

சப்-இன்ஸ்பெக்டர் செங்கோடன் காவலாளி ஆறுச்சாமியைப் பிடித்துக்கொண்டார்.

"சாவி உங்கிட்ட. சக்கரை வியாதியும் உனக்கு. வேறென்ன வேணும்?"

"ரூமைத் தொறந்துபோட்டு மோட்டார் போடப் போனேனுங்க. அவ்வளவுதானுங்க."

"மிச்சத்த ஸ்டேஷன்ல சொல்லு."

பங்காரம்மா அலமாரியைப் பார்த்தார். இரண்டு டப்பாக்களின் மூடிகளும் தளர்ந்திருந்தன. தட்டின் ஓரத்தில் எறும்புச் சாரை. கசப்புப் பொடிக்கா?

வெளி பெஞ்சில் ராசாத்தாள் உட்கார்ந்திருந்தார். ஆய்வில் மருந்து சாப்பிடுகிறவர். துணைக்குக் கணவர் தம்பிதுரை. பொள்ளாச்சியில் வெல்ல மண்டி வைத்திருப்பவர். கேன்டீன் பெண் கொடுத்த காப்பியை இருவரும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ராசாத்தாள் திடீரென்று முகம் சுளித்தார். "ஏனம்மணி, இதுல சக்கரை கெடக்குது!"

"அய்யோ, டம்ளரை மாத்திக் குடுத்துபோட்டனுங்க!"

தம்பிதுரையின் டம்ளர் அதற்குள் பாதி காலி.

பங்காரம்மா திரும்பினார். "சார், ஆறுச்சாமிய உடுங்க."

"ஏனுங்க?"

"எடுத்தவருக்கு எது அசல்னு தெரியாது. ஒவ்வொரு பொடியா நாக்குல வெச்சு, மேல வெல்லத்தைக் கடிச்சுப் பார்த்திருக்காரு. சிறுகுறிஞ்சான் பட்ட நாக்குக்குக் கொஞ்ச நேரம் இனிப்புத் தெரியாது. எந்தப் பொடிக்கு வெல்லம் மண்ணாட்டம் இருந்துச்சோ, அதுதான் அசல். உதிர்ந்த வெல்லத்துக்குத்தான் எறும்பு வந்துச்சு." அவர் தம்பிதுரையைப் பார்த்தார். "வெல்ல வியாபாரி, சக்கரை இல்லாத காப்பிய முகம் மாறாம குடிக்கறீங்க. பையைக் குடுங்கண்ணா."

பையில் துண்டுக்கடியில் டப்பா இருந்தது.

"விக்கறதுக்கில்லீங்கம்மா" என்றார் தம்பிதுரை. "இவளுக்குப் போலியத்தான் குடுக்கறீங்கன்னு நெனச்சுபோட்டேன். மண்டிக்குப் புதுசா வாரவனுக்கு அந்தத் தழைய மெல்லக் குடுத்து, வெல்லத்தத் திங்கச் சொல்லிச் சிரிப்போமுங்க. இவ மருந்து முழுங்குன கையோட ஒரு துளி வெல்லம் குடுத்தேன். இனிக்குதுங்கறா!"

"சக்கரைக்காரிக்கு வெல்லமா? நல்லா பார்த்தீங்க போங்க. பொடியக் கேப்சூல்ல அடைச்சுத்தான் குடுக்கறோமுங்கண்ணா. நாக்கைத் தொடாம நேரா வயித்துக்குப் போகுது. அசலானாலும் இனிக்கும், போலியானாலும் இனிக்கும்."

செங்கோடன் ஆறுச்சாமியின் தோளிலிருந்து கையை எடுத்தார். "நீங்க போயி மோட்டாரை நிறுத்துங்க. தண்ணி வழியுது."

தம்பிதுரை எழுந்து நின்றார். "அப்ப இவளுக்கு... அசலுங்களா?"

"ஆய்வு முடியற வரைக்கும் சொல்லமாட்டேன்."

"அவங்களை ஏன் கேக்கறீங்க?" என்றார் ராசாத்தாள். "ராத்திரி ஒண்ணுக்குப் போக நாலஞ்சு தடவ எந்திரிச்சவ, இப்ப ஒருக்காத்தான் எந்திரிக்கறேன். பக்கத்துல கொறட்டை உட்டுட்டிருந்தா எப்படித் தெரியும்?"

பங்காரம்மா சட்டென்று குனிந்து டப்பாவின் மூடியை இறுக்கத் தொடங்கினார். பதில் தெரிந்துவிடும் என்று, மூடி இறுகி வெகுநேரமாகியும் அவர் முகத்தை நிமிர்த்தவில்லை.